அப்பா இல்லாத அறையில் வந்த மணம்

1. அப்பாவின் டியூப்பைக் கழுவும் நேரங்களில் அவருடைய அறையில் ஒரு கெட்ட மணம் வரத் தொடங்கியது.

2. ஒரு ஞாயிற்றுக்கிழமை சீட்டு விளையாடிக்கொண்டிருந்தபோது, முத்து அங்கிள் அதை வாய்விட்டுச் சொன்னார்.

3. அப்பா கையிலிருந்த சீட்டுகளைக் கவிழ்த்து வைத்தார். இனி யாரும் வீட்டுக்கு வரவேண்டாம் என்றார்.

4. அம்மா சாம்பிராணி போட்டார். பிறகு இரண்டும் சேர்ந்து மணந்தன.

5. கிளினிக்கில் விஷயத்தைச் சொன்னோம். உள்ளே கிருமி பிடித்திருக்கலாம் என்று அப்பாவை வார்டில் வைத்துக்கொண்டார்கள்.

6. டியூப்பைக் கழற்றிவிடும்படி டொக்டரிடம் கேட்கப்போவதாக அப்பா சொன்னார்.

7. அப்பாவின் மூக்குக்கண்ணாடியை எடுக்க நான் வீட்டுக்கு வந்தேன். அப்பா ஆஸ்பத்திரியில். டியூப்பும் ஆஸ்பத்திரியில். மணம் வீட்டில்.

இந்த ஏழாவதில் கொஞ்சம் நிற்கிறேன்.

வெள்ளவத்தையில் எங்கள் வீடு மூன்றாம் மாடியில் இருக்கிறது. ரயில் போனால் ஜன்னல் கண்ணாடி லேசாக அதிரும். அன்று வீட்டில் யாரும் இல்லை. அம்மா வார்டில், அப்பாவோடு. என் பின்னால் முத்து அங்கிள் மட்டும், ஒரு கையில் குடையும் மறு கையில் தோடம்பழப் பையுமாக மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்.

முத்து அங்கிள் அப்பாவின் பழைய கூட்டாளி. ஜிந்துப்பிட்டியில் இருக்கிறார். புறக்கோட்டைப் புடவைக்கடையொன்றில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அன்று தோடம்பழத்தோடு வார்டுக்கு வந்திருந்தார். அப்பா அவரைக் கண்டதும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அங்கிள் கொஞ்ச நேரம் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "நான் பாப்பாவோட போய் சாமான் தூக்கிட்டு வாறேன்" என்று பழத்தைக்கூடக் கொடுக்காமல் என்னோடு திரீவீலரில் ஏறிவிட்டார்.

நான் அப்பாவின் அறைக் கதவைத் திறந்தேன்.

"அட, அதே நாத்தம்!" என்றார் அங்கிள்.

சொன்னதும் பழப் பையாலேயே வாயைப் பொத்திக்கொண்டார்.

"அய்யோ பாப்பா, மன்னிச்சுக்கம்மா. இந்த வாயை வச்சிக்கிட்டு நான் என்னதான் செய்ய?"

"அங்கிள், இன்னொருக்காச் சொல்லுங்கோ."

"வேணாம்மா. ஒரு தடவை சொன்னதுக்கே உங்கப்பன் எனக்கு முதுகைக் காட்டுறான்."

"அப்பா இப்ப எங்க அங்கிள்?"

"என்னம்மா கேள்வி இது? ஆஸ்பத்திரியில."

"அப்ப இஞ்ச மணக்கிறது ஆர்?"

அங்கிள் கட்டிலைப் பார்த்தார். விரிப்பு மடிப்புக் குலையாமல் கிடந்தது. பையை மெதுவாக வாயிலிருந்து இறக்கினார்.

இரண்டு முனையும் வெளியே

இந்தத் தொடரைப் புதிதாக வாசிப்பவர்களுக்காக அந்த டியூப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லவேண்டும். போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, "டியூப் என்றால் மூக்கால் விடுவதா?" என்று கேட்டிருந்தார். இல்லை.

அப்பாவின் பித்தக்குழாய் ஓரிடத்தில் ஒடுங்கிப்போனது. ஈரலில் சுரக்கும் பித்தம் குடலுக்கு இறங்க வழியில்லாமல் கண்ணும் நகமும் மஞ்சளாயின. ஒப்பரேசனில் அந்த இடத்தைச் சரிசெய்து, அது மறுபடி ஒடுங்காமல் இருக்க உள்ளே ஒரு டியூப்பை விட்டார்கள். விலாவுக்குக் கீழே தோல் வழியாக உள்ளே போய், ஈரலைக் கடந்து, சரிசெய்த இடத்துக்குள்ளால் வந்து, வயிற்றின் இன்னோரிடத்தில் வெளியே வருகிறது. உடம்புக்குள் அது யூ எழுத்துப்போல வளைந்து கிடக்கிறது. ஒரு முனையில் பை. மறு முனையில் சின்ன மூடி.

இப்போது இதை அதிகம் பாவிப்பதில்லை என்றும், அப்பாவின் நிலைமைக்கு இதுதான் பொருத்தம் என்றும் டொக்டர் சொன்னார். இரண்டு முனையும் வெளியே இருப்பதில் ஒரு வசதி உண்டு. எந்தப் பக்கத்தாலும் கழுவலாம். பழசாகிவிட்டால் அதன் வாலில் புதியதைக் கட்டி, மறு பக்கத்தால் இழுத்து எடுக்கலாம். இன்னொரு பெரிய ஒப்பரேசன் தேவையில்லை. கட்டட வேலையில் சுவருக்குள் போன குழாயில் புது வயரை நாங்களும் அப்படித்தான் இழுக்கிறோம் என்று நான் சொன்னபோது டொக்டர் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை.

ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு அப்பா அதற்கு ஒரு பெயர் வைத்தார். வாடகைக்காரர்.

"வாடகைக்காரர் ராத்திரி நித்திரை கொண்டவரோ?" என்று காலையில் தன்னையே கேட்டுக்கொள்வார். பை நிறைந்தால், "வாடகைக்காரர் கூப்பிடுறார்" என்று அம்மாவைக் கூப்பிடுவார்.

கழுவுவது அம்மா. நான் பக்கத்தில் நின்று பார்ப்பேன். கையைக் கழுவ வேண்டும். சேலைனை மெதுவாக ஏற்ற வேண்டும், எதிர்த்தால் தள்ளக்கூடாது. துளையைச் சுற்றித் துடைத்து, காயவிட்டு, புதுத் துணி வைக்க வேண்டும். டியூப் மடங்கக்கூடாது. காய்ச்சல், நடுக்கம், கண்ணில் மஞ்சள், பித்தம் குறைதல், கெட்ட மணம், இதில் எது வந்தாலும் உடனே கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள்.

மணம் வந்தது. மற்ற நாலும் வரவில்லை. அது எனக்கு உறுத்தியது. ஆனால் மணம் வந்துகொண்டேயிருந்தது.

தண்ணீரால் ஒரு கதவு

என் தொழில் கட்டடங்களுக்குத் தண்ணீர் வரும் வழியையும் போகும் வழியையும் வரைவது. வருகிற வழியைப் பற்றி எல்லாரும் கேட்பார்கள். போகிற வழியைப் பற்றி, மணந்தால் மட்டும் கேட்பார்கள்.

வடிகாலில் நான் அதிகம் வரைகிற உருவமும் அதே யூதான். கை கழுவும் பேசினுக்குக் கீழே குனிந்து பார்த்தால் தெரியும்: குழாய் நேரே இறங்காமல் ஒருமுறை வளைந்து, மேலேறி, பிறகுதான் சுவருக்குள் போகும். தரையில் தண்ணீர் போகும் சல்லடைக்குக் கீழேயும் அப்படி ஒரு வளைவு மறைந்திருக்கிறது. அந்த வளைவின் அடியில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும். அந்தத் தண்ணீர்தான் கதவு. மேலிருந்து வருவதை விடும். கீழே கழிவுநீர்க் கானிலிருந்து வரும் காற்றை விடாது.

இதை முதன்முதலில் யோசித்தவர் ஒரு மணிக்கூட்டுக்காரர் என்று வகுப்பில் சொன்னார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. பற்சக்கரங்களோடு இருந்த ஒருவர், ஒரு அசையும் பாகமும் இல்லாத கதவைச் செய்திருக்கிறார்.

ஒப்பரேசன் முடிந்த நாட்களில் அப்பாவுக்கு எதிர்க் கட்டிலில் ஒரு பொடியன், நெஞ்சிலிருந்து ஒரு குழாய், அதன் நுனி ஒரு போத்தல் தண்ணீருக்குள். மூச்சு விடும்போது குமிழி வரும். "காற்று வெளியே போகும், திரும்பி உள்ளே போகாது" என்று தாதி விளங்கப்படுத்தினார். நான் போத்தலையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் கதவுதான். ஆஸ்பத்திரியிலும் வேலை செய்கிறது.

அப்பாவின் டியூப் அந்த வகை அல்ல. உருவம் ஒன்று, பராமரிப்பு நேர் எதிர். குளியலறை வளைவில் தண்ணீர் நிற்க வேண்டும். அப்பாவின் வளைவில் எதுவும் நிற்கக்கூடாது.

அட்டாச்ட் பாத்ரூம்

அப்பாவுக்குக் குளியலறை சாதாரண விஷயமில்லை.

நாங்கள் முன்பு கொட்டாஞ்சேனையில் இருந்தோம். ஒரு ஒழுங்கையில் வரிசையாக வீடுகள், எல்லாருக்கும் பொதுவாக ஒரு குளியலறை. முத்து அங்கிளும் அப்போது அதே ஒழுங்கையில். காலையில் அப்பா தோளில் துவாயும் கையில் சவர்க்காரப் பெட்டியுமாக வரிசையில் நிற்பார். அவருக்குப் பின்னால் அங்கிள். உள்ளே போனவர் பாட்டுப் பாடினால் வெளியே இருவரும் சேர்ந்து கதவில் தட்டுவார்கள். இது எனக்கு அரைகுறையாகத்தான் ஞாபகம். சவர்க்காரப் பெட்டி நன்றாக ஞாபகம் இருக்கிறது. பச்சை நிறம், மூடி வெடித்தது.

அப்பா கப்பல் கம்பனி ஒன்றில் லிகிதராக இருந்தார். நாள் முழுக்கக் கடதாசியோடு வேலை. ஆனாலும் இரண்டு நேரம் குளிப்பார். குளித்த பிறகு ஓடிகொலோன், நாலு துளி, கழுத்தில்.

வெள்ளவத்தை வீட்டைப் பார்க்க வந்தபோது, காட்டிய மனிதர் ஜன்னலைத் திறந்து கடலைக் காட்டினார். அம்மா கடலைப் பார்த்தார். அப்பா அறையோடு சேர்ந்திருந்த குளியலறைக்குள் போய், பைப்பைத் திறந்துவிட்டு, கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார்.

"அட்டாச்ட்" என்று வெளியே வந்து அம்மாவிடம் சொன்னார். கடலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஈரம் படக்கூடாது

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது இரண்டு விஷயம் சொன்னார்கள். முதல் கிழமைகளில் காயத்தில் ஈரம் படக்கூடாது. விழக்கூடாது.

அம்மா இரண்டையும் சேர்த்து ஒன்றாக்கிக்கொண்டார். காயத்தில் ஈரம் கூடாது என்பது அறையில் ஈரம் கூடாது என்றாயிற்று. அறையில் கூடாதென்றால் குளியலறையிலும் கூடாது. ஈரம் இருந்தால் வழுக்கும், வழுக்கினால் விழுவார், விழுந்தால் டியூப் இழுபடும். அம்மாவின் கணக்கில் பிழை சொல்ல முடியாது.

ஆகவே அப்பா அறையில் கதிரையில் இருந்து, வெந்நீரில் நனைத்த துணியால் உடம்பைத் துடைத்துக்கொண்டார். மற்றத் தேவைக்கு, விறாந்தைப் பக்கம் இருந்த, வீட்டின் பொதுக் குளியலறை. அங்கே அம்மாவின் காது எட்டும்.

அட்டாச்ட் பாத்ரூம் ஸ்டோர் ரூம் ஆனது. அம்மா தரையைத் துடைத்துக் காயவைத்து, நடுவில் ஒரு பிளாஸ்டிக் தட்டு வைத்தார். அதில் சேலைன் போத்தல்கள், பஞ்சு, துணிச்சுருள், புதுப் பைகள். கொமட்டை மூடி, அதன்மேல் கையுறைப் பெட்டி. தூசு போகாமல் கதவை எப்போதும் சாத்தியே வைத்தார். சுத்தம் என்றால் அப்படி ஒரு சுத்தம். எனக்கே பெருமையாக இருந்தது.

 ஒருநாள் அப்பா, சாத்திய கதவைப் பார்த்து, "வாடகைக்காரருக்குச் சாமான் கூட" என்றார்.

முந்நூற்றுநாலு

ஞாயிறு பின்னேரம் எங்கள் வீட்டில் முந்நூற்றுநாலு நடக்கும். நாலு பேர் ஆடும் சீட்டு. அப்பாவும் முத்து அங்கிளும் ஒரு கட்சி. அம்மாவும் நானும் மறு கட்சி. ஒப்பரேசனுக்குப் பிறகு அப்பாவின் கட்டிலைச் சுற்றியே ஆடினோம்.

அந்த ஞாயிறு அப்பாவுக்கு நல்ல சீட்டு. துரும்புச் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மீசைக்குள் சிரித்துக்கொண்டிருந்தார். டியூப் கழுவும் நேரமாகிவிட்டதென்று அம்மா எழுந்து சேலைன் எடுக்கப் போனார். திரும்பி வந்து அப்பாவின் சேர்ட்டை விலக்கினார். அப்போதுதான் அங்கிள் மூக்கை உறிஞ்சினார்.

"என்னமோ கான் நாத்தம் மாதிரி வருதே?"

அம்மா அவரை முறைத்தார். அம்மாவின் கை அப்பாவின் வயிற்றின்மேல் அப்படியே நின்றது. எங்கள் மூன்று பேருக்கும் அந்த மணம் ஏற்கெனவே தெரியும். கொஞ்ச நாளாகவே தெரியும். கழுவும் நேரம் வரும், பிறகு குறையும். ஆளாளுக்குத் தெரியாத மாதிரி இருந்தோம்.

அப்பா சீட்டுகளைக் கவிழ்த்து வைத்தார்.

"எனக்குக் களைப்பாக் கிடக்கு. நீங்கள் போங்கோ."

"டேய், நல்ல சீட்டை வச்சிக்கிட்டு..."

"போ முத்து. இனி ஆரும் வீட்டுக்கு வரவேண்டாம்."

அங்கிள் போன பிறகு அம்மா குசினியில் பாத்திரங்களோடு சண்டை பிடித்தார். "முத்தண்ணைக்கு வாயை மூடிக்கொண்டிருக்க ஏலாதே? வருத்தக்காரர் இருக்கிற வீடு எண்டு ஒரு இது இல்லையே?"

அதன் பிறகு அப்பா மீனை நிறுத்தினார், முட்டையை நிறுத்தினார். ஓடிகொலோன் நாலு துளி நாற்பது துளியானது. நான் பக்கத்தில் போனால் கதிரையைத் தள்ளிப் போடச் சொன்னார். வாடகைக்காரர் என்ற பேச்சே இல்லாமல் போனது. அம்மாவின் சாம்பிராணிக்கு மட்டும் இருமினார்.

கிளினிக்கில் டொக்டர் டியூப்பைப் பார்த்தார். தனக்கு மணம் ஒன்றும் தெரியவில்லை என்றார். ஆனால் நாங்கள் மூன்று பேரும் வீட்டில் மணக்கிறது என்று சொல்லும்போது அவர் அதை விட்டுவிட முடியாது. இரத்தம் பார்க்க வேண்டும், டியூப்புக்குள் மருந்து விட்டு எக்ஸ்ரே படம் எடுக்க வேண்டும் என்று வார்டில் நிற்கச் சொன்னார்.

வார்டில் அப்பா தன் முடிவைச் சொன்னார்.

"டொக்டர் பின்னேரம் வருவார். வாடகைக்காரரை வீட்டை விட்டு எழுப்பச் சொல்லப்போறன்."

"அப்பா, இப்ப எடுத்தால் திரும்ப ஒடுங்கிப்போகும். அவர் சொன்னவர்தானே?"

"ஒடுங்கட்டும். மஞ்சளா இருந்தால் ஆக்கள் பக்கத்தில வருவினம். மணந்தால் வராயினம்."

அம்மா அழவில்லை. அப்பாவின் போர்வையை இழுத்துச் சரிசெய்தார். பிறகு என்னிடம், "அப்பாவின்ர கண்ணாடியை விட்டிட்டு வந்திட்டம், போய் எடுத்துக்கொண்டு வா பிள்ளை" என்றார்.

வெறும் அறையில் இரண்டு பேர்

ஆக, அந்த வாசலில் நானும் முத்து அங்கிளும்.

மணம் கழுவும் நேரத்தில் வந்தது. கழுவும் நேரத்தில் இரண்டு விஷயம் நடக்கும். ஒன்று, டியூப் திறபடும். மற்றது, சேலைன் எடுக்க அம்மா குளியலறைக் கதவைத் திறப்பார். நாங்கள் எல்லாரும் முதலாவதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அன்று காலை அவசரத்தில் அங்கிருந்து புதுப் பைகளை எடுத்துக்கொண்டு புறப்பட்ட அம்மா, குளியலறைக் கதவைச் சாத்த மறந்துவிட்டார். அது ஒருக்களித்துத் திறந்திருந்தது.

நான் உள்ளே போனேன். அங்கே இன்னும் அதிகமாக மணந்தது. தட்டைத் தூக்கச் சொன்னேன். அங்கிள் ஒரு பக்கம் பிடித்தார்.

"என்னம்மா தேடுற? எலி கிலி செத்துக் கிடக்கா?"

"இல்லை அங்கிள். ஒரு கதவு திறந்து கிடக்கு."

தட்டுக்குக் கீழே சல்லடை. சல்லடையைக் கழற்றி, கைத்தொலைபேசி வெளிச்சத்தைப் பிடித்தேன். வளைவில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அடியில் காய்ந்த மண் வெடித்துக் கிடந்தது. முகத்தில் இளஞ்சூடான காற்று மெதுவாக அடித்தது. பேசினின் வளைவும் அப்படியே. கொமட்டில் மட்டும் அடியில் கொஞ்சம் மிச்சம்.

மாதக்கணக்காக ஒரு வாளி தண்ணீர்கூட அந்தத் தரையில் விழவில்லை. நின்ற தண்ணீர் ஆவியாகிப் போய்விட்டது. கட்டடத்தின் மொத்தக் கானும் அப்பாவின் அறைக்குள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

"அப்ப இது... கானா?" என்றார் அங்கிள்.

"கான்தான்."

"நான் அன்னைக்கு என்னா சொன்னேன்?"

"கான் நாத்தம் எண்டுதான் சொன்னீங்கள்."

"சொன்னேன்ல? சொன்னேன்ல? உங்கம்மா என்னா முறை முறைச்சுது!"

நான் பைப்பைத் திறந்தேன். பாவிக்காத பைப் முதலில் காற்றைக் கக்கியது, பிறகு துருநிறத் தண்ணீர், பிறகு நல்ல தண்ணீர். வாளியை நிறைத்துச் சல்லடைக்குள் மெதுவாக ஊற்றினேன். முதலில் வெறும் குழாயில் விழுகிற சலசலப்பு. பிறகு ஒரு விக்கல். பிறகு அமைதி. குனிந்து பார்த்தேன். அடியில் சின்ன வட்டமாகத் தண்ணீர் நின்றது. அதில் சீலிங் பல்ப் தெரிந்தது.

பேசினுக்கும் ஊற்றினேன். கொமட்டில் இரண்டு தரம் ஃபிளஷ் இழுத்தேன். குசினியிலிருந்து தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து, சல்லடைத் தண்ணீரில் சில துளி விட்டேன். மேலே எண்ணெய் மிதந்தால் தண்ணீர் சீக்கிரம் ஆவியாகாது.

"அதுக்குள்ள விளக்கா ஏத்தப்போற?" என்றார் அங்கிள்.

ஜன்னலைத் திறந்துவிட்டு, குசினியில் ஆளுக்கொரு பிளேன்டீ குடித்தோம். நான் பேசவில்லை. அங்கிளும் பேசவில்லை, அது அவருக்குக் கஷ்டமாக இருந்திருக்கும். பிறகு ஜன்னலை மூடி, குளியலறைக் கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு, அங்கிளை நடு அறையில் நிற்கவைத்தேன்.

"மணந்து பாருங்கோ."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு முறை இழுத்தார். தலையணைப் பக்கம் போய் இன்னொரு முறை இழுத்தார்.

"உங்கப்பனோட ஓடிகொலோன்தாம்மா வருது. வேற ஒண்ணுமில்ல."

சொல்லிவிட்டுக் கட்டிலின் ஓரத்தில் இருந்து, குடைக் கைப்பிடியால் கண்ணைத் துடைப்பதுபோல ஏதோ செய்தார். நான் மூக்குக்கண்ணாடியைத் தேடப் போனேன்.

பக்கத்துக் கட்டில்

அம்மாவுக்கு போன் எடுத்து, டொக்டர் வந்தால் அப்பாவை ஒன்றும் கேட்க விடவேண்டாம் என்று சொன்னேன். "நான் எப்பிடித் தடுக்கிறது பிள்ளை, அவர் வாயை நான் பொத்தவே?" என்றார் அம்மா.

திரீவீலர் காலி வீதி நெரிசலில் ஊர்ந்தபோது எனக்கு இரண்டு யோசனை. குளியலறை மணந்தது உறுதி. அதனால் டியூப்பில் கிருமி இல்லை என்று ஆகிவிடாது. இரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை இரண்டாவதைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்வது என்று முடிவு செய்தேன்.

நாங்கள் போனபோது டொக்டர் வார்டின் மறு கோடியில் நின்றார். அப்பா எழும்பி இருந்து, தலை வாரி, தயாராக இருந்தார்.

"அப்பா, மணந்தது பாத்ரூம். நீங்கள் இல்லை."

அப்பா என்னைப் பார்த்தார். "ஆறுதலுக்குச் சொல்லாத பிள்ளை."

"நீங்கள் இல்லாத அறை மணந்தது. தண்ணி ஊத்தினன். மணம் நிண்டிட்டுது."

"நீ என்ர மகள். நீ அப்பிடித்தான் சொல்லுவாய்." பிறகு தயங்கி, எனக்குப் பின்னால் பார்த்தார். "முத்து சொல்லட்டும். அவனுக்குப் பொய் சொல்ல வராது."

அங்கிள் முன்னால் வந்தார். இந்த நிமிடத்துக்காகவே பிறந்தவர் மாதிரி நின்றார்.

"உன் ரூம்ல போய் நின்னேன்டா. நீயும் இல்ல, உன் டியூப்பும் இல்ல. நாத்தம் மட்டும் ஜம்முனு இருந்துச்சு. பாப்பா ரெண்டு வாளி ஊத்துச்சு. போயிருச்சு. நான் அன்னைக்கு உன்னையா சொன்னேன்? கானைத்தானேடா சொன்னேன்!"

அம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "ஐயோ, நான் அதைக் காய விட்டு... காய விட்டு..."

"அப்ப நான் மணக்கேல்லை" என்றார் அப்பா, மெதுவாக.

"இல்லையப்பா."

அவர் அதோடு விடவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்த சிங்கள ஐயாவின் பக்கம் திரும்பி, மிகவும் மரியாதையாக, தன்னிடமிருந்து ஏதாவது கெட்ட மணம் வருகிறதா என்று விசாரித்தார்.

"மாத்தயா, மகென் கந்தக் எனவாத?"

அந்த ஐயா பத்திரிகையை இறக்கினார். கேள்வி அவருக்கு விநோதமாக இருந்திருக்க வேண்டும். ஆனாலும் ஒழுங்காக ஒருமுறை மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

"நே மாத்தயா. சுவந்த விதரய்."

இல்லை, வாசனை மட்டும்தான் வருகிறது.

அப்பா தலையணையில் சாய்ந்துகொண்டார். சிரித்தாரா என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. கையை முகத்துக்குக் குறுக்கே வைத்திருந்தார். அங்கிள் தோடம்பழம் ஒன்றை எடுத்து உரிக்கத் தொடங்கினார்.

டொக்டர் எங்கள் கட்டிலுக்கு வந்தபோது நாங்கள் மூன்று பேரும் அப்பாவையே பார்த்தோம். இரத்தத்தில் தொற்று ஒன்றும் தெரியவில்லை, படத்தில் டியூப் நன்றாக ஓடுகிறது என்றார் டொக்டர். "உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா?"

அப்பா கையில் இருந்த தோடம்பழச் சுளையைப் பார்த்தார். வாடகைக்காரரை எழுப்பும் கதையை எடுக்கப்போகிறார் என்று நினைத்து அம்மா என் கையைப் பிடித்தார்.

"டொக்டர்," என்றார் அப்பா, "நான் குளிக்கலாமோ?"

"நான் வேண்டாம் என்று சொல்லவில்லையே? காயம் ஆறி எவ்வளவு நாள்! அந்த இடத்தை மூடி ஒட்டிக்கொண்டு தாராளமாகக் குளியுங்கள்."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். ஆஸ்பத்திரித் தரையிலும் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சல்லடை இருந்தது. பழக்கதோஷம். அதில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்த்தேன். நின்றது.

இன்றைய நிலை

டியூப்பின் சாமான்கள் எல்லாம் விறாந்தை அலுமாரிக்குப் போய்விட்டன. குளியலறையில் ஒரு பிளாஸ்டிக் கதிரை, கால் வழுக்காத விரிப்பு, சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. கம்பி பூட்டிய அன்று அம்மா அதில் தொங்கிப் பார்த்து உறுதி செய்தார்.

அப்பா இரண்டு நேரம் குளிக்கிறார். குளிக்கும் நேரம் அம்மா கதவுக்கு வெளியே நிற்கிறார். "பாட்டுப் பாடினால் கதவில தட்டுவன்" என்று அம்மாவுக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறார் முத்து அங்கிள்.

பொதுக் குளியலறையையும் யாரும் மறக்கக்கூடாதென்று, ஒவ்வொரு கிழமையும் எல்லாச் சல்லடைக்கும் ஒரு வாளி ஊற்றுகிறேன். வரைபடங்களில் இப்போது, பாவனை குறையக்கூடிய அறை என்றால், அந்த இடத்தில் ஒரு குறிப்பும் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைச் சீட்டு மறுபடி நடக்கிறது. அங்கிள் அறைக்குள் வந்ததும் சத்தமாக மூக்கை உறிஞ்சுவார். அப்பா தலையணையைத் தூக்கி எறிவார். அம்மாவும் நானும் தொடர்ந்து தோற்றுக்கொண்டிருக்கிறோம்.

டியூப்பை ஒரு முறை மாற்றியாயிற்று. பழையதன் வாலில் புதியதைக் கட்டி இழுத்தார்கள். சொன்ன மாதிரியே வந்தது. இன்னும் சில மாதம் அது உள்ளே இருக்க வேண்டும். பித்தம் தெளிவாக இறங்குகிறது. கண் வெள்ளையாக இருக்கிறது. காய்ச்சல் இல்லை.

வாடகைக்காரர் இன்னும் இருக்கிறார். குளியலறை அப்பாவிடம் திரும்பிவிட்டது. அறையில் ஓடிகொலோன், நாலு துளி.